ஓடு மாற்ற வந்தவர்: குமரி மாவட்டத்தில் ஆறு நாள்

மே 23, 2025, வெள்ளி, நாகர்கோவில்

ஆரல்வாய்மொழி வந்ததும் ரயில் பெட்டிக்குள் காற்று மாறிவிட்டது. மதுரையில் ஏறும்போது கையைச் சுட்ட ஜன்னல் கம்பி இப்போது குளிர்ந்து கிடந்தது. வெளியே முப்பந்தல் காற்றாலைகள், மலைக்கு நடுவே புகுந்து வரும் காற்றை வாங்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர், “இனிமேல் நம் ஊர்க் காற்று” என்று சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் வந்த காரியம் இது. திருவட்டாறுக்குப் பக்கத்தில் என் தோழியின் அம்மா வீடு இருக்கிறது. நூறு வயதை நெருங்கும் ஓட்டு வீடு. அதை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டவேண்டும் என்கிறார் அவளுடைய அண்ணன். கூடவே கூடாது என்கிறாள் அவள். வீட்டையும் தோட்டத்தையும் வடிவமைப்பது என் தொழில் என்பதால், “நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல், நீ சொல்வதை இரண்டு பேரும் கேட்கிறோம்” என்று என் தலையில் வைத்துவிட்டார்கள். பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கான படிவங்களைக் கட்டுக்கட்டாக நிரப்பியிருக்கிறேன். ஆனாலும் ஒரு குடும்பத்தின் சண்டைக்கு நடுவில் போய் நின்று இதுதான் சரி என்று சொல்ல எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

நாகர்கோவிலில் மதியச் சாப்பாடு. சம்பா அரிசிச் சோறு, உள்ளித் தீயல், அவியல், நெத்திலிப் பொரியல். 130 ரூபாய். பரிமாறிய அக்கா என் இலையில் சோறு குறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். போதும் என்று மூன்று தடவை சொன்ன பிறகும், “கொஞ்சம் புளிசேரிக்கு” என்று இன்னொரு கரண்டி வைத்தார். தேங்காயை வறுத்தரைத்த தீயலின் மணம் சாயங்காலம் வரை விரல்களில் இருந்தது.

மாலையில் ஊருக்கு வெளியே ஒரு பழைய மரக்கடைக்குப் போனேன். இடித்த வீடுகளின் நிலை, கதவு, உத்திரம், தூண், கூரைச் சரிவைத் தாங்கும் கழுக்கோல் எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. தகரக் கொட்டகைக்குள் ஒரு தெருவையே கழற்றி அடுக்கி வைத்ததுபோல் இருந்தது. அயனி மரத்தில் செய்த ஒரு முன்வாசல் நிலையும் கதவும் சேர்த்து 38,000 ரூபாய் சொன்னார் கடைக்காரர். விலை கேட்க வந்தவள் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் முகம் மாறவில்லை. ஒரு கழுக்கோலைப் புரட்டி, அதன் முனையில் வெட்டியிருந்த பொருத்துவாயைக் காட்டினார். “பாருங்கள், ஓர் ஆணி கிடையாது. மர முளைதான். முளையைத் தட்டினால் கழன்று வந்துவிடும். அதனால்தான் இது என் கடைக்கு வருகிறது. கான்கிரீட் வீட்டை இடித்தால் எனக்கு என்ன வரும்?”

விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் இந்தக் கேள்விதான் காதில் ஒலித்தது. கான்கிரீட்டை இடித்தால் கம்பி வரும், அதையும் சம்மட்டியால் அடித்துப் பிரிக்கவேண்டும். மிச்சம் எல்லாம் ஏதாவது குளத்தின் ஓரத்தில் கொட்டப்படும்.

மே 24, சனி, திருவட்டாறு

பருவமழை ஜூன் 1 வாக்கில்தான் என்று கணக்குப் போட்டு வந்தேன். மழைக்கு முன் வீட்டைப் பார்த்து, படம் எடுத்து, அளந்து முடித்துவிடலாம் என்பது திட்டம். தென்மேற்குப் பருவமழை இன்றைக்கே கேரளத்தில் தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். வழக்கத்தைவிட எட்டு நாள் முன்பாக. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். எனக்கு அறிவிப்பு தேவைப்படவே இல்லை. தக்கலையில் பஸ் மாறும்போதே குடை முறிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் எதுவும் கேட்காமல் தன் குடையை என் பக்கம் சாய்த்து, பஸ் வரும்வரை பாதி நனைந்தபடி நின்றான்.

வீடு, ஒரு மேட்டின் மேல் தென்னைவிளைக்கு நடுவில் இருக்கிறது. விளை என்றால் இங்கே தோப்பு. மண்சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. மூன்று பக்கமும் திண்ணை. கூரை செங்குத்தாக இறங்கி, நான் குனிந்து நுழையும் உயரத்துக்கு வருகிறது. மண்சுவர் நூறு வருடம் நிற்பதற்கு இந்தத் தாழ்ந்த கூரை விளிம்பு, இறவாணம்தான் காரணம். மழை சுவரைத் தொடுவதே இல்லை. உள்ளே அறைகளுக்கு மேல் பலகை மச்சு. ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெற்றிடம். வெயில் காலத்தில் ஓட்டின் சூடு அங்கேயே தங்கி, ஓட்டின் இடுக்குகள் வழியாக வெளியேறிவிடும். குளிர்சாதனப் பெட்டியை இந்த வீடு கண்டதே இல்லை.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நான் நனைந்து வந்ததைப் பார்த்ததும் துண்டைக் கையில் கொடுத்து, “முதலில் தலையைத் துவட்டு மக்களே, வீடு எங்கேயும் போகாது” என்றார். பிறகு புட்டு, சிறுபயறு, பப்படம். சுக்குக் காபியில் கருப்பட்டி கொஞ்சம் கூடுதல்.

அண்ணன் என்னை மரியாதையோடும் கொஞ்சம் எச்சரிக்கையோடும் உட்கார வைத்தார். அவர் பேச்சில் பொய்யே இல்லை. “தங்கச்சி, வந்து பார்க்கிறவர்களுக்கு இந்த வீடு அழகு. நான் இதில் இருக்கிறேன். தேங்காய் விழுந்தால் ஓடு உடைகிறது. மரநாய் ஓடுகிறது, ஓடு நகர்கிறது. மழை வந்தால் ஏழு இடத்தில் பாத்திரம் வைக்கவேண்டும். முன்பெல்லாம் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஆள் வந்து ஓடு மாற்றிவிட்டுப் போவார்கள். இப்போது ஏறுகிறவர் யார்? எல்லோரும் வெளிநாட்டில் அல்லது கொத்துவேலையில். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. நான் ஏறட்டுமா?”

என்னிடம் பதில் இல்லை. கட்டடக் கலையில் நிலைத்த தன்மை என்று நாங்கள் பேசும்போது பொருளைப் பற்றிப் பேசுவோம், ஆற்றலைப் பற்றிப் பேசுவோம், தண்ணீரைப் பற்றிப் பேசுவோம். முப்பது வருடம் கழித்து ஏணியில் ஏறப்போவது யார் என்று எந்தப் படிவமும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை.

மழை வலுத்தது. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முற்றங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். அடுத்த வீடு மூன்று வருடத்துக்கு முன் கட்டியது. மதில் முதல் மதில் வரை இன்டர்லாக் கல் பதித்திருக்கிறார்கள். பத்தே நிமிடத்தில் அங்கிருந்து தண்ணீர் கேட்டுக்கு அடியில் பீறிட்டு, செம்மண்ணை அரித்துக்கொண்டு சந்துக்குள் இறங்கியது. இந்தப் பக்கம் முற்றத்தில் இறவாணத்துத் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குக் கூழாங்கல் கிடக்கிறது. தண்ணீர் அதன்மேல் விழுந்து வேகம் குறைந்து, பிலா மரத்தடியை நோக்கி நடந்து, அங்கே சருகுக்குள் காணாமல் போனது. ஒரு மணி நேரம் பார்த்தேன். விளையின் எல்லையைத் தாண்டி ஒரு வாளித் தண்ணீர்கூட வெளியே போயிருக்காது.

அந்த விளையை வடிவமைத்தவர் என்று யாரும் இல்லை. மேலே தென்னை, அதற்குக் கீழே பிலாவும் அயனியும், பிலாவில் ஏறிய நல்லமிளகுக் கொடி, இடையில் கமுகு, வாழை, தரையில் சேனை, சேம்பு, காச்சில். ஒவ்வோர் அடுக்கும் மழையின் அடியை ஒரு தடவை வாங்கி மெதுவாகக் கீழே விடுகிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில், நான் வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக்கொடுத்த கொரியன் புல்தரைகளை நினைத்துக்கொண்டேன். தினமும் தண்ணீர் கேட்கிற, யாருக்கும் ஒரு காய்கூடத் தராத புல். வேலை முடிந்ததும் நான் வாங்கிய பாராட்டுகளும் நினைவுக்கு வந்தன. மனம் கனத்தது.

இரவு ஒன்பது மணிக்குப் போன மின்சாரம் காலை ஆறுக்குத்தான் வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே உருளியிலும் செம்பிலும் சொட்டுகள் வெவ்வேறு சுருதியில் விழுந்துகொண்டிருந்தன. ஏழு இடம் என்று அண்ணன் சொன்னது சரிதான்.

மே 25, ஞாயிறு, மாத்தூர், பேச்சிப்பாறை

காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. அண்ணனே பைக்கில் அழைத்துப் போனார்.

மாத்தூர் தொட்டிப்பாலம் 1960-களில் கட்டப்பட்டது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகிறது. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் வறட்சியைப் போக்கக் கட்டியது. நடுவில் நின்று கீழே பார்த்தால் தென்னை மரங்களின் உச்சி தெரிகிறது. தொட்டியில் மழைத்தண்ணீர் மட்டும் குட்டையாகக் கிடந்தது. அணை திறந்து கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வரும்போதுதான் ஓடும். நான் கான்கிரீட்டுக்கு எதிரி என்று அண்ணன் நினைத்திருப்பார்போல. “இதுவும் கான்கிரீட்தான் தங்கச்சி” என்றார் மெல்ல. ஆமாம் என்றேன், மனதாரத்தான் சொன்னேன். இந்த உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோக வேறு எதை வைத்துக் கட்டுவது? அறுபது வருடமாக வயலுக்குப் பயன்படும் கான்கிரீட் இது. இரண்டு பேர் வசிக்கும் வீட்டுக்கு 3,000 சதுர அடி போடும் கான்கிரீட்டைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதிலிருந்தே கரியமில வாயு வெளியேறும். சுடுவதற்கு எரிக்கும் எரிபொருள் தனி. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட்டால் வருவது. அந்த விலையைக் கொடுத்து எதைக் கட்டுகிறோம் என்று பார்க்கவேண்டும் அல்லவா?

பேச்சிப்பாறைக்குப் போகும் வழி முழுக்க ரப்பர். மரம் ஒவ்வொன்றுக்கும் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள், மழைத்தண்ணீர் பால் சிரட்டைக்குள் இறங்காமல் இருக்க. ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இடைவெளி. “இதெல்லாம் என் சின்ன வயதில் கலப்பு விளை” என்றார் அண்ணன். மாமரம், கொல்லாமரம், புளி, அயனி எல்லாம் இருந்தனவாம். வீடு கட்ட மரம் வேண்டும் என்றால் சொந்த விளையில் ஒன்றை வெட்டுவார்கள், ஒன்றை நடுவார்கள். அந்த மரங்கள் போனதும் அந்த வீடுகளும் போயின.

பேச்சிப்பாறை, 1906-இல் கட்டி முடித்த அணை. அதைக் கட்டிய பொறியாளர் மின்சின் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். மழை மறுபடி பிடித்துக்கொண்டதால் அதிக நேரம் நிற்கவில்லை. வழியில் ஓலைக்கூரைக் கடையில் மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் குழம்பும். இரண்டு பேருக்கும் 140 ரூபாய். கிழங்கைத் தேங்காய் போட்டு மசித்திருந்தார்கள். காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. கடைக்காரர் கேட்காமலே மோர் கொண்டுவந்து வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

சாப்பிடும்போது ஒக்கிப் புயலைப் பற்றி அண்ணன் சொன்னார். 2017 நவம்பர் 30. வீட்டுக்குப் பின்னால் நின்ற அயனி மரம் கூரைமேல் சாய்ந்து ஆறு கழுக்கோல் முறிந்துவிட்டன. மரத்தை அறுத்தார்கள். சாய்ந்த அந்த மரத்திலிருந்தே ஆறு கழுக்கோல் எடுத்து, முறிந்தவை இருந்த இடத்திலேயே பொருத்தினார்கள். நான்கு நாள் வேலை. “வெளியே ஒரு சாமானும் வாங்கவில்லை, ஓடு கொஞ்சம் வாங்கினோம்” என்றார். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று யோசித்தவர்போல் கொஞ்ச நேரம் பேசாமல் கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மே 26, திங்கள், பத்மநாபபுரம், மார்த்தாண்டம்

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பூட்டிய கதவின் முன்னால்தான் இது தெரிந்தது. என்னைப்போலவே கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பமும் மழையில் நின்றது. எதிரே கடை வைத்திருந்த அம்மா எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பழம்பொரி பத்து ரூபாய், சூடாக. “உதயகிரிக் கோட்டை பக்கம்தான், அதையாவது பார்த்துவிட்டுப் போங்கள்” என்று ஆட்டோவையும் அவரே நிறுத்தினார். டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் தளபதியாக இருந்த டிலெனாய் அடங்கிய கல்லறை அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்வெட்டில் தமிழும் லத்தீனும். மழை கொட்டியதால் பார்த்த கையோடு ஓடி வந்துவிட்டேன்.

அரண்மனை கைவிட்ட நாளை மார்த்தாண்டம் காப்பாற்றியது. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியின் வீடு ஒன்று இருக்கிறது என்று தொழில்முறை நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். 1994-இல் கட்டியது. பூசாத செங்கல் சுவர். வரிசையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது: எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை. ஒன்பது அங்குலச் சுவருக்குக் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும்.

இந்த முறையை நம் பக்கத்தில் பரப்பியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து தொழுநோயாளிகளுக்கான கட்டடங்களில் வேலை செய்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் தங்கி, 2007-இல் அங்கேயே மறைந்தவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்று காந்தி அவரிடம் சொன்னதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டார். ஆசிரியர் தம் இளமையில் திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்த்துவிட்டு வந்து, கட்டினால் இப்படித்தான் என்று முடிவு செய்தாராம்.

அவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்து நெடுநேரம் நின்றேன். தட்டையான கான்கிரீட் கூரைதான். ஆனால் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாக மங்களூர் ஓடுகள் பதிந்திருக்கின்றன. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பைத் தாங்குவது கம்பி. கூரைத் தட்டில் மேல்பாகம் அழுத்தத்திலும் கீழ்ப்பாகம் இழுப்பிலும் இருக்கிறது. ஆக, கீழ்ப்பாகத்தில் கம்பிகளுக்கு இடையே நிரம்பியிருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா எடையைக் கூட்டுகிறது. அந்த இடத்தில் இரண்டு ஓட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டால் சிமென்ட் குறையும், எடை குறையும், எடை குறைவதால் கம்பியும் குறையும். ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். நான் இதைப் படித்திருக்கிறேன், வரைந்தும் இருக்கிறேன். முப்பது வருடம் மழை வாங்கிய ஒன்றின் அடியில் நின்றது இதுவே முதல் தடவை. ஒரு கசிவுக் கறைகூட இல்லை.

ஆசிரியையின் கவலை வேறு. “கூடுதலாக ஓர் அறை கட்ட நினைத்தோம் மக்களே. இந்தக் கட்டு தெரிந்த கொத்தனார் இப்போது கிடைக்கவில்லை. வருகிறவர் எல்லோரும் ஹாலோ பிளாக்கில் கட்டிப் பூசிவிடலாம் என்கிறார்கள்.” கிளம்பும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் கையில் கொடுத்தார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். விரல் நீளம், தேன் இனிப்பு. பஸ்ஸுக்குள் பாதிச் சீப்பு தீர்ந்துவிட்டது.

களியக்காவிளைப் பக்கம் கருங்கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எண்ணத் தொடங்கி இருபத்தி மூன்றில் நிறுத்திக்கொண்டேன். ஒரு மலை போனால் அதிலிருந்து இறங்கிய ஓடையும் போகும், ஓடை நிரப்பிய குளமும் போகும். இது கட்டடக் கலைக்கு வெளியே உள்ள விஷயம் என்று எங்கள் தொழிலில் யாரும் சொல்லிவிட முடியாது. அந்தக் கல் எங்கள் வரைபடங்களுக்குத்தான் போகிறது.

மே 27, செவ்வாய், மீண்டும் பத்மநாபபுரம்

இந்தத் தடவை கதவு திறந்திருந்தது. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கும் அரண்மனை. 1956-இல் மாவட்டம் நம்மோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் அவர்கள் பொறுப்பில் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் வெளியே இருந்த புழுக்கம் மறந்துபோனது.

தரையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், செடிச் சாறு என்று பக்குவம் சொல்கிறார்கள். நான் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிபோல் என் கையின் நிழல் தெரிந்தது. வழவழப்பாக இருந்தும் வழுக்கவில்லை. எத்தனையோ தலைமுறைக் கால்கள் தேய்த்தும் ஒரு வெடிப்புத் தெரியவில்லை நான் பார்த்த இடத்தில்.

மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் அதிக நேரம் நின்றேன். சுவருக்குப் பதிலாக மரச்சட்டங்கள் வெளிப்பக்கம் சாய்ந்து இறங்குகின்றன. மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. சட்டத்துக்கு வெளியே சாரல், உள்ளே உலர்ந்த தரை, காற்று மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஜன்னல்களில் கண்ணாடி வராத காலத்து மைக்கா என்னும் அப்பிரகத் தகடுகள் வழியே மங்கலான வெளிச்சம். மழை, காற்று, வெளிச்சம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் உள்ளே விடுகிற ஒரு சுவர். மழை நாளில் வந்ததால்தான் இது எனக்குத் தெரிந்தது. நல்ல வெயிலில் வந்திருந்தால் சிற்ப வேலையைப் பாராட்டிவிட்டுப் போயிருப்பேன்.

தாய்க்கொட்டாரம்தான் வளாகத்தில் மிகப் பழையது. அதன் நடுமுற்றத்தின் ஓரத்தில் ஒரு காவலர் நின்றார். கூரையின் ஒரு மூலையில் நிறம் வேறாக இருந்த சில ஓடுகளைக் காட்டி, “இவை புதியவையா?” என்று கேட்டேன். அவர் மலையாளம் கலந்த தமிழில், “மாற்றிக்கொண்டே இருப்போம் மேடம். நிறுத்தினால் போய்விடும்” என்றார். அவருக்கு அது தினசரி வேலை. எனக்கு, நான்கு நாளாகத் தேடிக்கொண்டிருந்த சொல் அங்கே கிடைத்தது. இந்த அரண்மனையை வைத்திருப்பது தேக்கும் பிலாவும் சுண்ணாம்பும் மட்டும் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஓடு மாற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். திருவட்டாறு வீட்டுக்கு அவர்கள் இல்லை.

திரும்பி வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், முன்பு ஓடு மாற்ற வந்தவர் யார் என்று. “இருக்கிறார் மக்களே, ஆனால் வயதாகிவிட்டதே” என்று இழுத்தார். அண்ணன் கைப்பேசியை எடுத்தார்.

மே 28, புதன், திருவட்டாறு

மூத்த ஆசாரி காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். எழுபது தாண்டியவர். மகன் துபாயில் அலுமினிய வேலை பார்க்கிறான். கூலி 1,200 என்று முதலிலேயே சொல்லிவிட்டு, சுக்குக் காபியை நின்றபடியே குடித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். அவருக்குக் கையாளாக நானும் பாதி ஏணியில் நின்றேன்.

கசியும் இடத்தில் அவர் முதல் ஓட்டைத் தூக்கினார். நான் எதிர்பார்த்த உடைசல் அங்கே இல்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே, மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறி உட்காரும் இடத்தில், இற்றுப்போன இலையும் அணில் கொண்டுவந்த நாரும் கறுப்பாக அடைந்திருந்தன. விரலால் வழித்து என் கையில் வைத்தார். ஈரப் பஞ்சுபோல் இருந்தது. “தண்ணீர் மேலிருந்து இறங்கவில்லை, இந்தச் சகதியைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே ஏறுகிறது. ஏறி உள்ளே சொட்டுகிறது. ஓட்டின்மேல் குற்றம் இல்லை.”

ஓட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பட்டியலில் தொங்குவதற்காக இரண்டு சின்ன மூக்கு. தொழிற்சாலையின் பெயர் தேய்ந்து இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பிறகு, மலையாளக் கரை முழுக்கப் பரவிய ஓடு. ஒன்றைக் கழற்றினால் பக்கத்திலிருப்பது அசையாது. ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஒரு கூரைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது.

மதியத்துக்குள் ஏழு இடமும் முடிந்தன. கீழே இறக்கியவற்றை அண்ணன் எண்ணினார். உடைந்தவை பதினேழு. மூக்கு போய், பட்டியலில் நிற்காத ஓடுகள் நாற்பத்தொன்று. இரண்டாயிரத்துக்கும் மேல் உள்ள கூரையில் இவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கருத்தைச் சொன்னேன். வீட்டை இடிக்கவேண்டாம். அண்ணனுக்கு வேண்டிய புதிய சமையலறையையும் அம்மாவுக்கு உள்ளேயே ஒரு கழிவறையையும் பின்பக்கம் கான்கிரீட் கூரையிலேயே கட்டலாம். மார்த்தாண்டத்தில் பார்த்ததுபோல் அடியில் ஓடு பதித்து. மூக்குப் போன ஓடுகள் அதற்குப் போதும், மிச்சத்தைப் பழைய மரக்கடையில் வாங்கலாம். முற்றத்தில் ஒரு கல்லும் பதிக்கவேண்டாம், நடக்கிற வழிக்கு மட்டும் போதும். எல்லாவற்றுக்கும் முதலில், வருடத்துக்கு இரண்டு நாள், சித்திரை முடிவதற்குள், கூரையில் ஏறும் ஆள் யார் என்று முடிவு செய்யவேண்டும். அது தெரியாமல் நான் ஒரு கோடுகூட வரையமாட்டேன் என்றேன். குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

தோழி போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய், மூக்குப் போன ஓடுகளைச் சுவரோரமாக, மழை படாத இடத்தில், பத்துப் பத்தாக நிறுத்தி அடுக்கத் தொடங்கினார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் அவர் மகன் காலையிலிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன். ஆசாரி கடைசியாக ஒரு தடவை முகட்டைப் பார்க்க ஏறியபோது, “தாத்தா, நானும் வரட்டுமா?” என்றான்.

மேற்கே மறுபடி இருண்டுகொண்டு வந்தது. ஆசாரி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏறு” என்றார் ஆசாரி. “ஓட்டின் நடுவில் மிதிக்காதே. அடியில் பட்டியல் போகும் இடம் பார்த்துக் கால் வை.”